உப்புத் தண்ணீர் கொடுத்ததால்தான் குழந்தையின் சிறுநீரகம் கெட்டதா?

காங்கயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அவரும் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். 14 மாதப் பெண் குழந்தை, 9 கிலோ எடை, வாரநாட்களில் அம்மிச்சியிடம் (தாயின் அம்மாவிடம்) வளர்கிறாள். ஊர் மாரியம்மன் நோம்பி முடிந்த மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல், வாந்தி, தண்ணீராக வயிற்றுப்போக்கு. ரத்தம் கலந்து போகவில்லை. மருந்துக் கடையில் காய்ச்சல் சிரப்பும் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொடி பாக்கெட்டுகளும் கொடுத்தார்கள். அம்மிச்சி ஒரு பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்; குழந்தை ஆவலாக வாங்கிக் குடித்தது. இரண்டாம் நாள் அப்பா கடையிலிருந்து ஆப்பிள் சுவையில் ஒரு அட்டைப்பெட்டி பானம் வாங்கி வந்தார். குழந்தை ஓயாமல் அழுதது, தூங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் கழுத்து நிற்கவில்லை, வயிறு உப்பிக்கொண்டது. "உரம் விழுந்துருச்சு", அதாவது சுளுக்கிக்கொண்டது என்று பக்கத்து ஊருக்குத் தூக்கிப்போய் உரம் எடுத்திருக்கிறார்கள். மதியம் குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. உடனே திருப்பூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

அன்றைய ரத்தப் பரிசோதனையில் சோடியம் 161, பொட்டாசியம் 2.8, பைகார்பனேட் 12, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.3. முந்தின நாள் இரவிலிருந்து சிறுநீர் இல்லை. ஆறு நாள் சிகிச்சைக்குப் பின் கிரியாட்டினின் 0.4, சோடியம் 139 என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இப்போது மூன்று வாரம் ஆகிறது. குழந்தை ஓடி விளையாடுகிறாள். ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை. "ஏனுங்க டாக்டர், பாப்பாவுக்குக் கிட்னி போயிருச்சுங்களா? பெரியவளானா திரும்ப வருமுன்னு சொல்றாங்க. உப்புத் தண்ணி குடுத்ததுனாலதான் இப்படி ஆச்சுன்னு மாமியார் எங்கம்மாவைப் பேசறாங்க. இனிமே அந்தப் பாக்கெட் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு எங்கம்மாவே சொல்லிட்டாங்க" என்று எழுதியிருக்கிறார். மருத்துவமனையில் குளுக்கோஸை இரண்டரை நாள் சொட்டுச் சொட்டாக விட்டது பில்லுக்காகவா என்றும், சிறுநீரகத்துக்கு ஒருவர் சொல்லும் மூலிகைக் கஷாயத்தைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில். நீங்கள் எழுதியிருக்கும் எண்களை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளின் சிறுநீரகம் போகவில்லை. 14 மாதக் குழந்தைக்கு 0.4 என்பது இயல்பான கிரியாட்டினின். 1.3 வரை ஏறியது, ஆறு நாளில் 0.4-க்கு இறங்கியிருக்கிறது. நிரந்தரமாகக் கெட்ட சிறுநீரகம் இப்படி இறங்காது.

நடந்தது இதுதான். வயிற்றுப்போக்கில் உடம்பிலிருந்து தண்ணீர் வேகமாக வெளியேறும்போது சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது. உடனே அது மிச்சமிருக்கும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சிறுநீரைச் சுருக்குகிறது. சிறுநீர் மஞ்சளடித்துக் கொஞ்சமாகப் போகும், பிறகு நின்றே போகும். பவானிசாகர் அணையில் தண்ணீர் இல்லாத வருஷம் கீழ்பவானி வாய்க்காலின் மடையை அடைத்து வைக்கிறார்கள். மடை கெட்டுவிட்டது என்று நம் விவசாயிகள் யாரும் சொல்வதில்லை. தண்ணீர் திரும்பி வந்ததும் உங்கள் மகளின் சிறுநீரகமும் திறந்துகொண்டது. தண்ணீர் இல்லாத நிலை இன்னும் பல மணி நேரம் நீடித்திருந்தால் சிறுநீரகத்தின் நுண்குழாய்களே அடிபட்டிருக்கும். அதுவும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் ஆறிவிடும். சிலருக்கு அதுவரை டயாலிசிஸ் தேவைப்படலாம். நீங்கள் அந்த இடத்துக்குப் போகும் முன்பே மருத்துவமனைக்குப் போய்விட்டீர்கள்.

உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, "ரிப்போர்ட்டில் 0.6 முதல் 1.2 வரை என்று போட்டிருக்கிறது, 1.3 என்றால் ஒரு புள்ளிதானே கூட" என்று. இதைத் திருத்தியாக வேண்டும். பல பரிசோதனைக் கூடங்களில் அச்சிட்டுத் தருவது பெரியவர்களுக்கான அளவு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. 14 மாதக் குழந்தைக்குத் தசை எவ்வளவு இருக்கும்? அந்த வயதில் 0.2 முதல் 0.4 வரைதான் இயல்பு. ஆக 1.3 என்பது மூன்று மடங்குக்கு மேல். கவலைப்பட வேண்டிய எண்ணாகத்தான் அது இருந்தது. ஒரு கைக்குழந்தையின் ரிப்போர்ட்டில் 0.9 என்று வந்தால்கூட, தாளில் அது இயல்பு என்ற கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும். உறவில் யாருக்காவது இப்படி வந்தால் "குழந்தையின் வயசுக்கு இது சரியா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பாக்கெட்டின் மேல் பழி வேண்டாம்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த வரி, இனி அந்தப் பாக்கெட் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதுதான். அடுத்த முறை குழந்தைக்கு வயிற்றால் போனால் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பீர்கள். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். முடிந்தால் அம்மிச்சிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு அளவில் வருகிறது. பெரியது 20 கிராமுக்குக் கொஞ்சம் மேல், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சின்னது 4 கிராமுக்குக் கொஞ்சம் மேல், 200 மி.லி. தண்ணீருக்கு, அதாவது ஏறக்குறைய ஒரு டம்ளருக்கு. உங்கள் அம்மா எப்போதோ சின்ன பாக்கெட்டை டம்ளரில் கரைத்துப் பார்த்திருப்பார். இந்த முறை கடைக்காரர் கொடுத்தது பெரியது. பாக்கெட்டில் அளவை ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கொடுக்கும்போது கடையிலும் யாரும் சொல்லவில்லை. இதில் உங்கள் அம்மாவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பேத்திக்கு மருந்து ஊற்ற ராத்திரி முழுக்க விழித்திருந்தவர் அவர்.

சரியாகக் கரைத்தால் ஒரு லிட்டரில் சோடியம் 75 மில்லிமோல் இருக்கும். கூடவே பொட்டாசியம் 20, குளுக்கோஸ் 75. 2002-இல் உலக சுகாதார நிறுவனம் பழைய கலவையின் உப்பைக் குறைத்து இந்த அளவைக் கொண்டுவந்தது. குடலில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே உள்ளே போகும். அவை தண்ணீரையும் கூட இழுத்துக்கொண்டு போகும். எத்தனை முறை போய்க்கொண்டிருந்தாலும் இந்தப் பாதை பெரும்பாலும் அடைபடுவதில்லை. 1971-இல் வங்காள அகதி முகாம்களில் காலரா பரவி, ஊசி வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து, உறவினர்கள் கையாலேயே கொடுக்கச் செய்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். அன்றிலிருந்து இன்று வரை குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு இதைவிடப் பெரிய மருந்து வரவில்லை.

ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் சோடியம் ஐந்து மடங்காகி 375 ஆகிறது. அவ்வளவு அடர்த்தியான கரைசல் குடலுக்குள் போனால் உடம்பு தண்ணீரை உறிஞ்சாது. குடல்தான் உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும். பேதி கூடும், ரத்தத்தில் உப்பு ஏறும், தாகம் எடுக்கும். குழந்தை ஆவலாகக் குடித்தது பிடித்ததால் அல்ல, தாகத்தால். கைக்குழந்தைக்கு "தண்ணி வேணும்" என்று சொல்லத் தெரியாது. அதிகப்படி உப்பைக் குறைந்த தண்ணீரில் வெளியேற்றும் திறமும் அந்த வயதுச் சிறுநீரகத்துக்குப் பெரியவர்கள் அளவுக்கு இருக்காது.

ஆகவே மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: மருந்து சரி, தண்ணீர்தான் போதவில்லை.

இரண்டாம் நாள் வாங்கிய அட்டைப்பெட்டி பானம் வேறு விஷயம். பெயரிலும் படத்திலும் ஓ.ஆர்.எஸ். போலவே தோன்றும் அந்தப் பானங்களில் பலவற்றில் சர்க்கரை மிக அதிகம், உப்பு மிகக் குறைவு. சர்க்கரை அதிகமானால் பேதி கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லையே போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. கடையில் கேட்கும்போது "பொடி பாக்கெட்" என்று கேட்டு, உலக சுகாதார நிறுவனத்தின் கலவைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகவே கிடைக்கும்.

உரம் அல்ல, பொட்டாசியம்

கழுத்து நிற்காததும் வயிறு உப்பியதும் உரம் விழுந்ததால் அல்ல. பேதியோடு பொட்டாசியம் நிறைய வெளியேறிவிட்டது. அது 3.5-க்குக் கீழே போனாலே குறைவு, நன்றாக இறங்கும்போது தசைகள் தளரும். 2.8 என்பது நன்றாகவே குறைவு. கழுத்துத் தசை தளர்ந்தால் தலை சாயும், குடல் தசை தளர்ந்தால் வயிறு உப்பும். இன்னும் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். உரம் எடுக்கப் போனதில் அரைநாள் போய்விட்டது. உங்களைக் கடிந்துகொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைக்குக் கழுத்து தொங்கினால் அது ரத்தத்தின் உப்புகள் தடுமாறியதன் அடையாளம், நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்பது உங்கள் ஊரில் இன்னும் நான்கு பேருக்குத் தெரிய வேண்டும். அதேபோல, பேதியில் பைகார்பனேட் வெளியேறி ரத்தம் அமிலமானால் குழந்தை வேகமாக, ஆழமாக மூச்சு வாங்கும். அதைச் சளி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

பொள்ளாச்சி இளநீர் கொடுத்தால் பொட்டாசியம் வந்துவிடுமே என்று கேட்பீர்கள். வரும். சிறுநீர் நன்றாகப் போகிற குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு நடுவே கொஞ்சம் இளநீர் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் இளநீரில் சோடியம் போதாது, ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாக அது நிற்காது. சிறுநீர் நின்றுபோன குழந்தைக்கு இளநீர் கூடவே கூடாது. வெளியேற வழி இல்லாத பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தைப் பிடித்துவிடும். "யூரின் வரட்டும், அப்புறம் பொட்டாசியம் சேர்க்கிறோம்" என்று மருத்துவமனையில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் இதுதான்.

சொட்டுச் சொட்டாக விட்டது ஏன்

பில்லுக்காக அல்ல. முதல் ஒரு மணி நேரம் வேகமாக விட்டார்கள், பிறகு மெதுவாக்கினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முறைப்படிதான் செய்திருக்கிறார்கள். முதலில் வேகமாக விட்டது ரத்த ஓட்டத்தை மீட்க. அதன் பிறகு அவசரப்படக் கூடாது. ரத்தத்தில் உப்பு ஏறியிருக்கும் நாட்களில் மூளைச் செல்கள் தங்களையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்கின்றன. திடீரென்று உப்பை இறக்கினால் தண்ணீர் மூளைக்குள் பாய்ந்து வீக்கம் வரும், வலிப்பு வரும். அதனால் ஒரு நாளைக்கு 10 முதல் 12 வரைதான் சோடியத்தை இறக்க வேண்டும். 161-லிருந்து 139-க்கு 22 இறங்க வேண்டியிருந்தது. நீங்களே வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய இரண்டு நாளாவது ஆகும். இடையிடையே ரத்தம் எடுத்ததும் இந்த வேகத்தைப் பார்க்கத்தான்.

முதல் நாள் பார்த்த உள்ளூர் மருத்துவர் "பெருசா நீர் வத்தலை" என்று சொன்னதையும் வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். முதல் நாளில் அது உண்மையாகவே இருந்திருக்கலாம். பிறகும்கூட, உப்பு ஏறிய குழந்தையின் தோலைக் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு உடனே மறைந்துவிடும். மாவு போல மெத்தென்று இருக்கும். பார்த்தவரை ஏமாற்றும் நிலை அது.

காய்ச்சல் சிரப் பற்றி ஒரு வார்த்தை. சிரப்பின் படத்தைப் பார்த்தேன், பாராசிட்டமாலுடன் மெஃபனமிக் அமிலம் சேர்ந்தது. நீர் வற்றும் நேரத்தில் சிறுநீரகம் தன் ரத்தக் குழாயை விரித்து வைத்துச் சமாளிக்கும். மெஃபனமிக் அமிலம், ஐபுபுரூஃபன் போன்றவை அந்தச் சமாளிப்பைத் தடுக்கும். வயிற்றுப்போக்கு இருக்கும்போது காய்ச்சலுக்குத் தனிப் பாராசிட்டமால் மட்டும், எடைக்கேற்ற அளவில் கொடுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. குடல் அசைவை அது நிறுத்தும், நீரிழப்பைச் சரிசெய்யாது. ரத்தம் கலக்காத வயிற்றுப்போக்கு பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக்கும் தேவையில்லை.

அடுத்த முறை வீட்டில்

கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுவி, அளவுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு டம்ளரும் சொம்பும் மாறும், அந்தப் பாட்டில் மாறாது. பெரிய பாக்கெட் முழுவதையும் அதில் கொட்டிக் கரையுங்கள். பாதிப் பொடி போட்டு மீதியை மடித்து வைக்க வேண்டாம். சர்க்கரையோ குளுக்கோஸோ மேலும் சேர்க்க வேண்டாம். 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கீழே ஊற்றிவிடுங்கள். உங்கள் பக்கத்தில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதில் கரைக்காதீர்கள். குடிக்கப் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து எடுங்கள். நடுராத்திரியில் பாக்கெட் இல்லையென்றால், ஒரு லிட்டருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. பொட்டாசியம் இதில் இல்லை என்பதால் விடிந்ததும் பாக்கெட்டுக்கு மாறிவிட வேண்டும்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மி.லி. கொடுக்க வேண்டும். கண் லேசாகக் குழிந்து, எரிச்சலோடு, தாகமாக இருந்தால் கிலோவுக்கு 75 மி.லி. கணக்கில் நான்கு மணி நேரத்துக்குள். உங்கள் மகளின் எடைக்கு 675 மி.லி. இதை மருத்துவர் கண்முன்னால் கொடுப்பது நல்லது. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், மற்ற பாலில் தண்ணீர் கலக்க வேண்டாம். ஒரு சிட்டிகை உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, குழைந்த பருப்புச் சாதம், மோர், வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். பட்டினி போட்டால் குடல் ஆறத் தாமதமாகும்.

துத்தநாக மருந்தைப் பேதி நின்றதும் நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மி.கி., பேதி நின்றாலும் மொத்தம் 14 நாள் என்பதுதான் கணக்கு. அடுத்த சில மாதங்களுக்கு மறுபடி வராமல் தடுப்பதற்கும் அது உதவுகிறது. அடுத்த முறை முழுதாகக் கொடுங்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து போட்டும் ஏன் வந்தது என்றால், பேதிக்குக் கிருமிகள் பல. அந்தச் சொட்டு மருந்து ஒன்றின் கடுமையைத்தான் குறைக்கிறது.

எல்லாவற்றையும்விட, சிறுநீரைக் கவனியுங்கள். எத்தனை முறை வயிற்றால் போனது என்று எல்லா வீட்டிலும் எண்ணி வைத்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். டயாப்பர் போட்டிருந்தால் தண்ணீர்ப் பேதியில் சிறுநீர் கலந்து ஒன்றுமே தெரியாது. அந்த இரண்டு மூன்று நாளுக்கு டயாப்பரைக் கழற்றிவிட்டுப் பருத்தித் துணி கட்டுங்கள், முன்பக்கம் நனைகிறதா என்று பாருங்கள். நீங்கள் போனில் அழைக்கும்போது, கடைசியாகச் சிறுநீர் போனதை நேரத்தோடு சொல்லும்படி அம்மிச்சியிடம் சொல்லி வையுங்கள்.

ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். அழும்போது கண்ணீர் வராதது, உச்சிக்குழி பள்ளமாவது, குடிக்க மறுப்பது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, சோர்ந்து கண் செருகுவது, வலிப்பு, வேக மூச்சு, மலத்தில் ரத்தம் என்று எதுவானாலும் அப்படியே. 108-ஐக் கூப்பிடுங்கள். விழிப்போடு இருந்து விழுங்க முடிந்தால் போகிற வழியெல்லாம் ஸ்பூனால் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போகலாம், மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை என்றால் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். மலத்தில் ரத்தம் போன குழந்தைகளில் ஒரு சிலருக்கு, பேதி தொடங்கி ஐந்து முதல் பத்து நாளில் உடல் வெளுத்து, சிறுநீர் குறைந்து, ரத்தத் தட்டணுக்கள் இறங்கும். அது சிறுநீரகத்தையே நேராகத் தாக்கும் வேறு நோய். உங்கள் மகளுக்கு ரத்தம் போகவில்லை, அந்தக் காலமும் கடந்துவிட்டது.

இனி என்ன பரிசோதனை

கஷாயம் வேண்டாம். நலமான சிறுநீரகத்துக்கு மருந்து தேவையில்லை. என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத மூலிகைக் கலவை அதற்குக் கெடுதலும் செய்யலாம். வீட்டுச் சாப்பாட்டில் இயல்பாக இருக்கும் உப்பைக் குறைக்க வேண்டியதில்லை, பாலையும் நிறுத்த வேண்டியதில்லை. மாதாமாதம் ரத்தம் எடுப்பதும் ஸ்கேன் எடுப்பதும் இப்போதைக்கு அவசியமில்லை.

நோய் வந்த நாளிலிருந்து மூன்று மாதம் ஆனதும் ஒரு முறை போங்கள். கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைக்கான சின்னப் பட்டையால்தான் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். மூன்றும் சரியாக இருந்தால், வருஷத்துக்கு ஒருமுறை எடை, உயரத்தோடு ரத்த அழுத்தத்தையும் பார்த்தால் போதும். முகம் அதைத்து இருந்தாலோ, சிறுநீர் கட்டன் காபி நிறத்தில் போனாலோ மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சுருக்க அறிக்கையில் எல்லா நாளின் ரத்த எண்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் மருத்துவமனையில் எழுதிக் கேட்டு நகல் வாங்குங்கள், அதைப் பெறுவது உங்கள் உரிமை. தடுப்பூசி அட்டையோடு சேர்த்து, குழந்தை இருக்கும் அம்மிச்சி வீட்டிலேயே வைத்திருங்கள். எந்த மருத்துவர் பார்த்தாலும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.